ஐபி போனும் கீப்அலைவ் ரிப்போர்ட்டும்: கம்பம், குமுளிப் பக்கம் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கம்பத்துக்கும் குமுளிக்கும் நடுவே இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் கீழே 04554, மேலே 04869. கண்ணுக்கெட்டும் மலைக்கு எஸ்டிடி போட்டுப் பேசியவர்கள் நாங்கள். இப்போது கீழே கடையும் மேலே ஸ்டோரும் வைத்திருக்கிற ஏலக்காய் வியாபாரிகள் இரண்டையும் ஐபி போனால், அதாவது இன்டர்நெட் வழியாகப் பேசும் போனால், சேர்த்துக்கொள்கிறார்கள். ஹோம்ஸ்டேக்காரர்களும் ஆடிட்டர் ஆபீஸ்களும்கூட. அதை மாட்டிக்கொடுப்பது என் பிழைப்பு. மாட்டுவது ஒரு நாள் வேலை. அதன்பிறகு ஆறு மாசத்துக்கு ஒரே சந்தேகங்கள், ஆள்தான் வேறு வேறு. சலித்துப்போய் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கீப்அலைவ்னா என்னண்ணே? யாரும் பேசாதப்ப எதுக்கு பாக்கெட் போய்க்கிட்டே இருக்கணும்?

ராத்திரி பஜாரில் கூர்க்கா விசில் ஊதிக்கொண்டு போவாரே, அதுதான். விசில் கேட்டால் நாம் புரண்டு படுத்துத் தூங்குகிறோம். கேட்காத ராத்திரிதான் எழுந்து ஜன்னலைத் திறந்து பார்க்கிறோம். உங்கள் போனும் அந்தப் பக்கத்து சர்வரும் "இருக்கியா", "இருக்கேன்" என்று சொல்லிக்கொள்வதற்குப் பெயர் கீப்அலைவ்.

இந்த ஒரே பெயருக்குள் இரண்டு வேலை ஒளிந்திருக்கிறது. ஒன்று, ரூட்டரில் திறந்த கதவு மூடாமல் பார்த்துக்கொள்வது. இன்னொன்று, எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு நமக்குச் சொல்வது. கீழே வருகிற குழப்பத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

நான் கூப்பிட்டா போகுது தம்பி. எனக்கு வர்ற கால்தான் வரமாட்டேங்குது. நான் ஒரு கால் பண்ணிட்டா அப்புறம் கொஞ்ச நேரம் எல்லாமே வருது. பேய் புடிச்ச மாதிரி இருக்கு.

பேய் இல்லைம்மா, நாட்: உள்ளே இருக்கிற பெட்டிகளுக்கெல்லாம் ரூட்டர் தன் ஒரே முகவரியைப் போட்டு வெளியே அனுப்பும் ஏற்பாடு. உங்கள் வீட்டுப் போனுக்கு வெளியுலகத்தில் முகவரி கிடையாது. போன் ஒரு பாக்கெட்டை வெளியே அனுப்பும்போது, "இது இந்தப் போனுடையது, பதில் வந்தால் இங்கே கொடு" என்று ரூட்டர் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லாவிட்டால் அந்த வரியை அழித்துவிடுகிறது. அழித்தபின் வெளியிலிருந்து வரும் கால் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடும். நீங்களே கூப்பிட்டால் வரி மறுபடி எழுதப்படுகிறது, கதவு திறக்கிறது. "தானா சரியாயிருச்சு" என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

எவ்வளவு நேரத்தில் அழியும்? யுடிபிக்கு, அதாவது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் பாக்கெட்டை அனுப்பும் முறைக்கு, இரண்டு நிமிஷத்துக்குள் அழிக்கக்கூடாது என்று 2007இல் வந்த ஆர்எஃப்சி 4787 (ஆர்எஃப்சி என்பது இன்டர்நெட் விதிகளை எழுதிவைக்கும் ஆவணம்) சொல்கிறது. கடையில் வாங்கும் ரூட்டர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. லினக்ஸை உள்ளே வைத்த பெட்டிகளில் பதில் வராத யுடிபி வரிக்கு 30 வினாடிதான் ஆயுள்; இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தால் 120. உங்கள் போனோ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான், அதாவது 3600 வினாடிக்கு ஒருமுறைதான், ரிஜிஸ்டர் ஆகிறது, தான் இருக்கும் இடத்தைச் சர்வரில் பதிகிறது. நடுவில் ஐம்பத்தெட்டு நிமிஷம் கதவு மூடிக் கிடக்கிறது. போனின் செட்டிங்கில் நாட் கீப்அலைவ் என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள்.

எத்தனை செகண்டுன்னு ஒரே நம்பரா சொல்லிடுங்க சார்.

யுடிபி என்றால் 25. காரணம் வேண்டாம் என்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

மேலே சொன்ன 30 வினாடிக்குக் கொஞ்சம் கீழே இருக்கவேண்டும், அவ்வளவுதான். 2009இல் வந்த ஆர்எஃப்சி 5626ம் யுடிபிக்கு 24 முதல் 29 வினாடி என்கிறது. டிசிபி (இணைப்பு வைத்து, போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து அனுப்பும் முறை) அல்லது டிஎல்எஸ் (அதையே பூட்டி அனுப்புவது) என்றால் 95 முதல் 120. ஒரே எண்ணாகச் சொல்லாமல் "இதிலிருந்து இதுவரை" என்று சொல்வது, எல்லாப் போனும் ஒரே வினாடியில் கத்தாமல் சிதறி அனுப்பட்டும் என்பதற்காக.

சிலர் பயந்துபோய் 5 வினாடி வைக்கிறார்கள். ஒரு போனுக்குப் பாதகமில்லை. 25 வினாடிக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 3456 முறை. போக ஒரு 500 பைட், வர ஒரு 500 பைட் என்று வைத்தாலும் மூன்றரை எம்பிதான். ஆனால் நாற்பது அறை இருக்கும் ரிசார்ட்டில் 5 வினாடி வைத்தால், நொடிக்கு எட்டுக் கேள்வி, எட்டுப் பதில், ராப்பகலாக. பாவம், அந்தச் சின்ன பிபிஎக்ஸ், அதாவது உள்ளே இருக்கும் போன்களைச் சேர்த்துவைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி.

காலி பாக்கெட், ஆப்ஷன்ஸ், ஸ்டன், சீக்கிரம் சீக்கிரம் ரிஜிஸ்டர்னு நாலு வழி காட்டுது. எதை எடுக்கறது?

முதல் பதிலில் சொன்ன இரண்டு வேலையை வைத்துப் பாருங்கள். யுடிபியில் காலி பாக்கெட் கதவைத் திறந்து வைக்கும், ஆனால் அதற்குப் பதில் வராது. பதில் இல்லை என்றால் ரிப்போர்ட்டும் இல்லை. சர்வர் செத்து மூன்று நாள் ஆனாலும் போன் காலி பாக்கெட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும், கடையை மூடியது தெரியாமல் தினமும் வாசலில் பால் வைத்துவிட்டுப் போகிறவர் மாதிரி.

ஆப்ஷன்ஸ் என்பது சிப் மொழியிலேயே, அதாவது கால் போட, எடுக்க, வைக்கப் போன்கள் பேசிக்கொள்ளும் மொழியிலேயே, "உனக்கு என்னென்ன தெரியும்" என்று கேட்கும் கேள்வி. பதில் வந்தே தீரவேண்டும். கதவும் திறந்திருக்கும், ரிப்போர்ட்டும் கிடைக்கும். பிபிஎக்ஸுக்கும் சிப் லைன் கொடுக்கும் கம்பெனிக்கும் நடுவே நான் இதைத்தான் போடுகிறேன். டிசிபியில் ஓடும் போன் என்றால் நாலே பைட் போதும்: இரண்டு வெற்று வரி போகும், ஒரு வெற்று வரி திரும்பி வரும், 10 வினாடிக்குள் வராவிட்டால் இணைப்பு செத்தது என்று கணக்கு. ஸ்டன் என்பது வெளியே தன் முகவரி என்ன என்று போன் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி; சர்வர் பக்கமும் ஒத்துழைத்தால்தான் அது உதவும். ரிஜிஸ்டரை அடிக்கடி அனுப்புவது பாஸ்வேர்ட் சரிபார்ப்பு வேலையை சர்வர் தலையில் கட்டுவது. வேறு வழியே இல்லாதபோது பார்க்கலாம்.

ஆப்ஷன்ஸுக்கு 404னு பதில் வருது. லைன் செத்துப்போச்சா?

செத்தவர் பதில் சொல்லமாட்டார். "அப்படி ஒருத்தர் இங்கே இல்லை" என்று சொல்லவும் ஒரு ஆள் இருக்கவேண்டுமே. 404, 405, 401, 483 எது வந்தாலும் எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறது. 503 மட்டும் வேறு: "இருக்கிறேன், ஆனால் இப்போது வேலை பார்க்க முடியாது" என்று அர்த்தம். சிஸ்கோ கம்பெனி ரூட்டர் 503, 505 இரண்டையும், பதிலே வராததையும் செத்த கணக்கில் எழுதும். மற்றதையெல்லாம் உயிர் என்றே எடுத்துக்கொள்ளும். என் அனுபவத்தில் அது நியாயமான கணக்கு.

சிஸ்கோ ரூட்டர்ல இதை எங்க போடணும்? நம்ம ஆஸ்டரிஸ்க் பெட்டில எங்க?

சிஸ்கோவில் வெளி லைனுக்கான டயல்-பியருக்கு (எந்த நம்பர் எந்த வழியில் போகவேண்டும் என்று எழுதும் பகுதிக்கு) உள்ளே, வாய்ஸ்-கிளாஸ் சிப் என்று தொடங்கும் வரியில் ஆப்ஷன்ஸ்-கீப்அலைவ் வரும். எண் எதுவும் கொடுக்காவிட்டால் லைன் நன்றாக இருக்கும்போது 60 வினாடிக்கு ஒருமுறை, செத்தபின் 30 வினாடிக்கு ஒருமுறை, செத்தது என்று முடிவுகட்ட 5 முயற்சி. ஒரே கம்பெனிக்கு எட்டு டயல்-பியர் இருந்தால் எட்டிலும் தனித்தனியாக எழுதாதீர்கள், ஒரே ஆளை எட்டுப் பேர் தட்டி எழுப்புவது போல ஆகும். கீப்அலைவ் ப்ரொஃபைல் ஒன்று உண்டாக்கி எல்லாவற்றையும் அதில் கோர்த்துவிடுங்கள். ஷோ டயல்-பியர் வாய்ஸ் சம்மரி போட்டால் கீப்அலைவ் என்ற பத்தியில் ஆக்டிவ் அல்லது பிஸிஅவுட் என்று தெரியும். பிஸிஅவுட் ஆனதும் கால் தானாக அடுத்த டயல்-பியருக்குப் போகும். அடுத்தது என்று ஒன்று வைத்திருந்தால்.

ஆஸ்டரிஸ்கில் (கம்ப்யூட்டரையே பிபிஎக்ஸ் ஆக்கும் மென்பொருள்) சிப் பேசும் பழைய பகுதியான சான்-சிப்பில் குவாலிஃபை என்று ஒரு வரி போதும். 60 வினாடிக்கு ஒருமுறை கேட்கும், பதில் 2000 மில்லிசெகண்டுக்கு மேல் ஆனால் லேக்டு என்று திட்டும். சான்-சிப்பை ஆஸ்டரிஸ்க் 21இல் எடுத்துவிட்டார்கள். இப்போது இருக்கும் பிஜேசிப்பில் குவாலிஃபை-ஃப்ரீக்வென்சி என்பதை ஏஓஆர் (போனின் முகவரி இருக்கும்) பகுதியில் எழுதவேண்டும். அதன் இயல்பு மதிப்பு பூஜ்யம், அதாவது கேட்கவே கேட்காது. பழைய பெட்டியிலிருந்து புதியதுக்கு மாறியவர்கள் பலர் இதில்தான் விழுகிறார்கள்: "முன்னாடி லைன் போனா தெரியும்ணே, இப்ப தெரியறதே இல்லை." தெரியாது. நீங்கள் கேட்கச் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை. யுடிபியில் ஒரு ஆப்ஷன்ஸுக்குப் பதில் வரவில்லை என்று சிப் விதிப்படி முடிவுகட்ட 32 வினாடி ஆகும். ஆஸ்டரிஸ்க் பிஜேசிப் 3 வினாடியிலேயே கைவிடும். ஆகவே "லைன் போனதும் உடனே தெரியணும்" என்பவர்கள் இடைவெளி, காத்திருப்பு, முயற்சி மூன்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசவும்.

பெட்டில பச்சை லைட் எரியுது. தனியா ரிப்போர்ட் வேற எதுக்கு?

பச்சை லைட் சொல்வது, கேபிள் செருகியிருக்கிறது என்பதை மட்டும்தான். ரிப்போர்ட்டுக்கு இரண்டு வழி: சிஸ்லாக் (பெட்டி எழுதும் நாட்குறிப்பை வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்புவது), எஸ்என்எம்பி ட்ராப் (ஏதாவது நடந்ததும் பெட்டி தானே அனுப்பும் எச்சரிக்கை). சிஸ்லாக் வழக்கமாக யுடிபி போர்ட் 514இல் (போர்ட் என்பது பெட்டியின் வாசல் எண்) போகும், ட்ராப் 162இல் போகும். இரண்டையும் வாங்கி வைக்க ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போதும்.

நிலை மாறும்போது மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வெற்றிகரமான பதிலையும் எழுதச் சொன்னால், மேலே கணக்குப் பார்த்தோமே, ஒரு போனுக்கே நாளைக்கு 3456 வரி. அதில் "செத்தது" என்ற ஒரு வரியைத் தேடுவது ஏலக்காய் மூட்டையில் விழுந்த மிளகைத் தேடுவது போல. கூர்க்கா ஒவ்வொரு விசிலுக்கும் உங்களை எழுப்பிக் கையெழுத்து வாங்கினால் எத்தனை நாள் வைத்துக்கொள்வீர்கள்?

லைன் போனா மெயில் வர்ற மாதிரி வெச்சிருந்தேன். லைன் போச்சு. மெயில் வரவே இல்லை. என்ன ரிப்போர்ட்டுங்க இது?

இதை நானே செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவன், அதனால் சிரிக்கமாட்டேன்.

குமுளியில் ஒரு ஏலக்காய் ஸ்டோர். ஆடி மாச மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து ஃபைபரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு புத்தடி ஸ்பைசஸ் பார்க்கில் ஏலம். முதலாளி அங்கே உட்கார்ந்திருக்கிறார், தரம் கேட்க ஸ்டோருக்குக் கூப்பிட்டால் போகவில்லை. செல்போனில் என்னைப் பிடித்துத் திட்டுகிறார். நான் மெயிலைப் பார்க்கிறேன், ஒன்றுமில்லை, "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்கிறேன். சாயங்காலம் ஃபைபரை ஒட்டினார்கள். ஒட்டிய அடுத்த நிமிஷம் மெயில் வந்து விழுகிறது: லைன் போய்விட்டது. உள்ளூர்ப் பெட்டி மெயிலை எழுதி, அனுப்ப வழியில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது. அது ஒழுங்காகத்தான் வேலை பார்த்தது. முட்டாள் நான்தான்: பாலம் உடைந்த செய்தியை அதே பாலத்தின் வழியாக அனுப்பச் சொல்லியிருந்தேன்.

அன்றிலிருந்து நான் செய்வது மூன்று. ஒன்று, கவனிக்கிற ஆள் எதிர்ப்பக்கம் இருக்கவேண்டும். குமுளிப் பெட்டியைக் கம்பத்துப் பெட்டி கேட்கட்டும், கம்பத்தைக் குமுளி கேட்கட்டும். இரண்டாவது, இரண்டுக்கும் வெளியே, வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன சர்வர். இரண்டு பெட்டியும் நிமிஷத்துக்கு ஒருமுறை அதற்கு "இருக்கேன்" என்று அனுப்பும். மூன்று நிமிஷம் வராவிட்டால் அந்தச் சர்வர் எனக்குச் செய்தி அனுப்பும். செத்தவன் தன் சாவைத் தானே அறிவிக்கவேண்டியதில்லை, அவன் குரல் வராததே அறிவிப்பு. மூன்றாவது, காலை எட்டு மணிக்கு அந்தச் சர்வரிடமிருந்து ஒரே ஒரு செய்தி: ராத்திரி எல்லாம் சரி. அது வராத காலையில் சர்வரையே பார்க்கவேண்டும் என்று தெரியும்.

எஸ்என்எம்பி ட்ராப்பை மட்டும் நம்புகிறவர்களுக்கும் இதே பதில்தான். ட்ராப் யுடிபியில் ஒருமுறை போகும், விழுந்தால் விழுந்ததுதான். இன்ஃபார்ம் என்ற வகையைப் போட்டால் வாங்கிக்கொண்டேன் என்ற பதில் வரும்வரை சில முறை திரும்ப அனுப்பும். ஆனால் லைனே இல்லாதபோது எத்தனை முறை அனுப்பினால் என்ன?

ராத்திரி பூரா போச்சு, வந்துச்சு, போச்சு, வந்துச்சுனு மெசேஜ் கொட்டுது. போனை தூக்கிக் கிணத்துல போடலாம்னு இருக்கு.

ஒரு பாக்கெட் தவறினால் செத்தது என்று சொல்லாதீர்கள். மூன்று தொடர்ந்து தவறினால் செத்தது, மூன்று தொடர்ந்து வந்தால் பிழைத்தது. பிழைத்தது என்று சொல்வதற்கு இன்னும் கொஞ்சம் நிதானம் நல்லது. ஆட்டம் போடும் லைனுக்குக் காலைத் திருப்பிவிட்டால் பேச்சு நடுவில் அறும்.

அப்புறம் காரணத்தையும் பாருங்கள். துலா மாசத்து இடி நேரத்தில் இது அதிகம். பல வீடுகளில் ரூட்டர் இன்வெர்ட்டரில் இருக்கும், ஃபைபர் பெட்டி சாதா பிளக்கில் இருக்கும். கரண்ட் கண்சிமிட்டும்போதெல்லாம் ஃபைபர் பெட்டி மட்டும் விழுந்து எழும். ரிப்போர்ட்டைப் பார்த்து லைன் கம்பெனியோடு சண்டை போட்டுவிட்டுக் கடைசியில் பிளக்கை மாற்றிக் குத்தியவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். கரண்ட் வந்ததும் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் எழுந்து ரிஜிஸ்டர் ஆக முண்டியடிப்பதும் உண்டு. முதல் இரண்டு மூன்று நிமிஷத்து ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ரிப்போர்ட் எல்லாம் சரினு சொல்லுது. ஆனா பேசினா எனக்கு அவங்க குரல் கேக்கலை. ரிப்போர்ட் பொய் சொல்லுதா?

பொய் சொல்லவில்லை. அதைக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறது, நீங்கள் கேட்க நினைத்த கேள்விக்கு இல்லை.

போனை அடிக்கவைக்கும் பேச்சு வேறு, குரல் போகும் பாதை வேறு. சிப் 5060 என்ற போர்ட்டில் போகிறது. குரல் ஆர்டிபி என்ற பாக்கெட்டுகளாக, வேறு ஒரு போர்ட்டில், சில நேரம் வேறு ஒரு சர்வருக்கே போகிறது. ஆப்ஷன்ஸ் முதல் பாதையை மட்டும் நடந்து பார்த்துவிட்டு வருகிறது. கல்யாண வீட்டுக்குப் பத்திரிகை கொடுத்தவர் வந்துபோனார் என்பதால் சமையல்காரர் வந்துவிட்டார் என்று ஆகாது. ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்காமல் போனால், முதலில் ரூட்டரில் சிப் ஏஎல்ஜி ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். உதவுகிறேன் என்று சொல்லி பாக்கெட்டுக்குள் முகவரியைத் திருத்தி வைக்கும் வசதி அது. நான் போகிற இடத்தில் எல்லாம் முதல் வேலையாக அணைப்பது அதைத்தான்.

குரல் பாதைக்கு என்று தனியாக ஒரு ரிப்போர்ட் இருக்கிறது: ஆர்டிசிபி. பேச்சு நடக்கும்போது சுமார் 5 வினாடிக்கு ஒருமுறை, "நீ அனுப்பியதில் இவ்வளவு தொலைந்தது, இவ்வளவு தடுமாறி வந்தது" என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளும். ஜி711 கோடெக் (குரலை எண்ணாக மாற்றும் ஒரு முறை) என்றால் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், நொடிக்கு 50. அதில் ஒன்றுகூட வராமல் 20, 30 வினாடி போனால் குரல் பாதை செத்தது என்று எழுதச் சொல்லலாம். சிஸ்கோவிலும் ஆஸ்டரிஸ்கிலும் இதற்கு இடம் இருக்கிறது. கால் இல்லாத நேரத்தில் குரல் பாதையைச் சோதிக்கவேண்டும் என்றால் ஒரே வழி, தினமும் ஒரு சோதனைக் கால்: பெட்டி தானே கூப்பிட்டு, பதிவு செய்த நாலு வார்த்தையைக் கேட்டுவிட்டு வைத்துவிடும்.

ஹோல்டுல போட்டா கொஞ்ச நேரத்துல கால் அறுந்துருது.

இப்போது சொன்ன வசதியின் பின்விளைவுதான். ஹோல்டில் போட்டால் உங்கள் போனிலிருந்து குரல் பாக்கெட் நின்றுவிடும், பெட்டி செத்ததாக நினைத்து வெட்டிவிடும். ஹோல்டுக்குத் தனிக் கெடு உண்டு, அதைப் பல நிமிஷமாக வையுங்கள். பேசாத நேரத்தில் பாக்கெட்டை நிறுத்தும் வசதி போனில் ஆன் ஆகியிருந்தாலும் இதே கதை, அதை அணைத்துவிடுங்கள். பாக்கெட் நிற்கும் நேரத்திலும் குரல் பாதையின் கதவு திறந்திருக்க 15 வினாடிக்கு ஒருமுறை ஏதாவது அனுப்பவேண்டும் என்று 2011இன் ஆர்எஃப்சி 6263 சொல்கிறது.

எனக்கு கால் கரெக்டா அரை நிமிஷத்துல கட் ஆகுது. கடைக்காரர் ஒருத்தருக்கு கரெக்டா பதினஞ்சு நிமிஷத்துல. கீப்அலைவை மாத்தணுமா?

மாற்றினாலும் ஒன்றும் ஆகாது. "கரெக்டா" என்று சொன்னீர்கள் பாருங்கள், அந்த வார்த்தைதான் துப்பு. மழையும் மரமும் கடிகாரம் பார்த்து லைனை அறுப்பதில்லை.

32 வினாடியில் அறுந்தால்: எதிர்ப்பக்கம் போனை எடுத்ததும் 200 என்று சொல்லும், நம் பக்கம் "சரி" என்று ஏக் அனுப்பவேண்டும். அந்த ஏக் போய்ச் சேராவிட்டால் எதிர்ப்பக்கம் 32 வினாடி பார்த்துவிட்டு வைத்துவிடும். பெரும்பாலும் தப்பான முகவரி, காரணம் பழைய நண்பர் சிப் ஏஎல்ஜி. 15 நிமிஷத்தில் அறுந்தால்: செஷன் டைமர். வழக்கமாக 1800 வினாடி. அதில் பாதி, அதாவது 900 வினாடி ஆனதும் ஒரு பக்கம் "இன்னும் பேசுகிறோமா" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் அங்கேயே வெட்டு. கேட்கவேண்டிய பக்கம் கேட்காமலே இருந்தால் அரை மணி ஆகும் தறுவாயில் வெட்டு. இது காலுக்கு உள்ளே ஓடும் கீப்அலைவ். நாம் இதுவரை பேசியது காலுக்கு வெளியே ஓடுவது. டைமரை அணைக்காதீர்கள், கேள்வி ஏன் போய்ச் சேரவில்லை என்று பாருங்கள். அணைத்தால், இரண்டு பக்கமும் வைத்த பிறகும் சர்வரில் கால் ஓடிக்கொண்டே இருந்து பில் ஏறும் கூத்தும் நடக்கும்.

ஃபைபர் போனா தானா 4ஜிக்கு மாற்ற ரூட்டர் வாங்கிப் போட்டேன். நெட் மாறுது, பிரவுசர் ஓடுது, போன் மட்டும் செத்தே கிடக்கு. கீப்அலைவ் 25தான் வெச்சிருக்கேன், நீங்க சொன்ன மாதிரியே.

இதுதான் இந்தப் பட்டியலிலேயே நல்ல கேள்வி. நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம். போனைக் கொல்வது அந்த 25தான்.

ரூட்டர் எழுதிவைக்கும் வரியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த வரியில் ஃபைபரின் முகவரி எழுதியிருக்கிறது. ஃபைபர் போனதும் பாதை 4ஜிக்கு மாறுகிறது, ஆனால் பல ரூட்டர்களில் வரி மாறுவதில்லை. போனின் பாக்கெட் 4ஜி வழியாக, ஃபைபரின் முகவரியைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறது. பதில் எப்படி வரும்? சும்மா விட்டால் அந்த வரி 30 வினாடியில், மிஞ்சினால் 120 வினாடியில் தானே செத்து, புது வரி பிறந்திருக்கும். நம் கீப்அலைவ் 25 வினாடிக்கு ஒருமுறை போய் அந்தச் செத்த வரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. வெளி இன்டர்ஃபேஸ் முழுசாக விழுந்தால், லினக்ஸில் நாட் வேலை பார்க்கும் மாஸ்க்வரேட் பழைய வரிகளைத் துடைத்துவிடும். ஆனால் இங்கே அறுவது எங்கோ மலைப்பாதையில். உங்கள் வீட்டுப் பெட்டியைப் பொறுத்தவரை கேபிள் செருகித்தான் இருக்கிறது.

தீர்வு இரண்டு. பாதை மாறும் நேரத்தில் 5060 சம்பந்தப்பட்ட யுடிபி வரிகளை மட்டும் அழிக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டை ரூட்டரில் வையுங்கள். ஃபைபர் திரும்பி வரும்போதும் அது ஓடவேண்டும். அல்லது போனை டிசிபிக்கு மாற்றுங்கள். பதில் வராவிட்டால் போன் தானே பழைய இணைப்பை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கும், புது இணைப்புக்குப் புது வரி. அவசரத்துக்கு, போனை மூன்று நிமிஷம் அணைத்து வைத்தாலும் வேலை நடக்கும். ஆபீஸில் எட்டுப் போன் இருந்தால் எட்டையும்.

ராத்திரி ரெண்டரைக்கு லைன் போனதா ரிப்போர்ட் சொல்லுது. ஆனா போனது காலைல எட்டு மணிக்கு, நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்?

ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பெட்டி உலக நேரத்தில் எழுதுகிறது. எல்லாப் பெட்டியிலும் என்டிபி (இன்டர்நெட் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும் வசதி) போட்டு, இந்திய நேரம் என்று வைத்துவிடுங்கள். கம்பத்துப் பெட்டியும் குமுளிப் பெட்டியும் வேறு வேறு நேரம் காட்டினால் எது முதலில் செத்தது என்றே சொல்லமுடியாது.

தெரியாத ஐபியில இருந்தெல்லாம் என் பிபிஎக்ஸுக்கு ஆப்ஷன்ஸ் வருது. யாரோ நம்ம லைனைக் கவனிச்சுக்கறாங்களா?

கவனிக்கிறார்கள், ஆனால் நல்ல எண்ணத்தில் இல்லை. இன்டர்நெட் முழுக்க 5060ஐத் தட்டித் தட்டிப் பார்க்கும் கூட்டம் இருக்கிறது. முதல் தட்டு பெரும்பாலும் ஆப்ஷன்ஸ்தான். சில தட்டுகளில் ஃப்ரெண்ட்லி-ஸ்கேனர் என்ற பெயர்கூட இருக்கும், சிப்விஷியஸ் என்ற கருவியின் கையெழுத்து அது. நீங்கள் பதில் சொன்னால் அடுத்து பாஸ்வேர்ட் ஊகிக்க ஆரம்பிப்பார்கள், கிடைத்தால் உங்கள் செலவில் வெளிநாட்டுக்குப் பேசுவார்கள். லைன் கம்பெனியின் ஐபிக்கும் உங்கள் மறுகிளைக்கும் மட்டும் 5060ஐத் திறந்து வையுங்கள். மற்றவர்களுக்குப் பதிலே வேண்டாம், மறுப்புகூட. ஐந்தாவது கேள்வியில் சொன்னேனே: 404ம் ஒரு பதில்தான்.

எல்லாம் வெச்சாச்சுண்ணே. இது வேலை செய்யுதுன்னு எப்படி நம்பறது?

பிடுங்கிப் பாருங்கள். போனின் கேபிளை அல்ல, அது வேறு சோதனை. ஃபைபர் பெட்டியின் பவரைப் பிடுங்கி, பிடுங்கிய நேரத்தை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். செய்தி வந்த நேரத்தை அதன் பக்கத்தில் எழுதுங்கள். 4ஜியில் கால் போன நேரம், வந்த நேரம் இரண்டையும் எழுதுங்கள். திரும்பச் செருகி, எல்லாவற்றையும் இன்னொரு முறை எழுதுங்கள். பிறகு கேபிளைத் தொடாமல் ரூட்டரில் லைன் கம்பெனியின் ஐபிக்குப் போகும் யுடிபி 5060ஐ மட்டும் பத்து நிமிஷம் தடுத்துப் பாருங்கள். நெட் ஓடும்போது போன் மட்டும் சாகும் கதைக்கு இதுதான் சோதனை. தடுத்ததை எடுக்க மறந்துவிட்டு எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு, செல்போனில்.

அந்தக் காகிதத்தை ரூட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஆறு மாசம் கழித்து இன்னொரு முறை பிடுங்கும்போது ஒப்பிட அது வேண்டும். புத்தடியிலோ போடியிலோ ஏலம் ஓடும் நேரமாகப் பார்த்து மட்டும் பிடுங்காதீர்கள்.